மாட்டு மெத்தையும் ஐந்தாவது முத்திரையும்

"வியன்னா, பிராக், சால்ஸ்பர்க், எல்லாம் வழியிலதான் இருக்கு ரென்ஸ்கே. பத்து நாள். நீ ஊர் சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு, எனக்குத் துணைக்கு வந்த மாதிரியும் ஆச்சு" என்று சொல்லித்தான் ஹூபர்ட் தன் மனைவியைக் கிளப்பினான். வழியில்தான் இருந்தன, அதை அவள் மறுக்கவில்லை. வியன்னாவை வெளிவட்டச் சாலையில், மூடுபனிக்குள், நாற்பது நிமிடத்தில் கடந்தார்கள். பிராகில் பெட்ரோல் போட்டார்கள். சால்ஸ்பர்க்கில் அவனுக்குப் பல்வலி வந்ததால் ஒரு மருந்துக்கடைக்குள் போய்ப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. அவள் ஊரில் வேலை பார்ப்பதும் மருந்துக்கடையில்தான். ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மற்றபடி அவள் பார்த்த ஐரோப்பா முழுவதும் மாட்டுக்கொட்டகை. ஹூபர்ட் விற்பது மாடுகள் படுத்துக்கொள்ளும் ரப்பர் மெத்தை. பண்ணைக்காரர்களுக்கு வயலில் வேலை இல்லாத குளிர்காலம்தான் அவனுக்கு விற்பனைக் காலம். டிசம்பரில் ஒரு கொட்டகையில் சாணியில் வழுக்கி விழுந்து வலதுகையை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டோடு காரோட்ட முடியாது. கம்பெனி முதலாளியே, மார்ச்சில் போனால் போதும் என்றார். இவன் கேட்டால்தானே. அவள் மருந்துக்கடையில் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டுநரானாள். ஓட்டுநர் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். துணை என்றுதான் சொல்ல வேண்டும்.

துணை காலையில் காரோட்டும், பண்ணை வாசலில் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கும், டிக்கியிலிருந்து ஆறு மாதிரி மெத்தைகளை இறக்கும், ஏற்றும். ஒவ்வொன்றும் ரெண்டு மீட்டர் நீளம், பிணம் கனம் கனக்கும். மாட்டுக்கு மூட்டு நோகாது என்று பத்து வருட உத்தரவாதம். அவளுக்கு வாய்த்த ஓட்டல் கட்டில்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மூன்றாம் நாளே முதுகு பிடித்துக்கொண்டது. "ராத்திரி உன் மாட்டு மெத்தையிலயே படுத்திருக்கலாம்" என்று அவள் வயிற்றெரிச்சலோடு சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த பண்ணையில் அதையே ஒரு வேடிக்கையாகச் சொல்லி எண்பது மெத்தை விற்றுவிட்டான்.

இதையும் பொறுத்துக்கொண்டாள். ஐஸ் மட்டும் வராமல் இருந்திருந்தால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

ரென்ஸ்கே நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்துக்காரி. ஆல்டசைல் அவள் ஊர். அந்தப் பக்கத்தில் வாய்க்கால் உறைந்துவிட்டால் ஊரே உறைந்த மாதிரி. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டுவிடும், பல் டாக்டர் கதவில் "ஐஸ்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி மாட்டிவிட்டுப் போய்விடுவார், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். முன்பெல்லாம் வருஷா வருஷம் உறையும். இப்போது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் மனமிரங்கினால் உண்டு, அதுவும் நாலு நாள். ஆனாலும் ஜனவரி பிறந்துவிட்டால் ஊர்க்காரர்கள் கார் டிக்கியில் ஸ்கேட், அதுதான் ஐஸில் சறுக்க அடியில் கத்தி வைத்த பூட்ஸ், இருக்கும். ஸ்டெப்னி இல்லாமல் போனாலும் போகும், ஸ்கேட் இருக்கும். ரென்ஸ்கேயின் ஸ்கேட்டும் மெத்தைகளுக்கு அடியில் ஒரு துணிப்பையில் கிடந்தது. ஹூபர்ட் தெற்கே லிம்பர்க்கில் மேட்டுப்பூமியில் பிறந்தவன். அவனுக்கு ஐஸ் என்றால் தம்ளருக்குள் போடுவது.

அவளுக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது. ஆல்டசைல் ஐஸ் சங்கம் நடத்துவது ஐந்து பால ஓட்டம். முப்பத்தைந்து கிலோமீட்டர், உறைந்த வாய்க்கால் வழியே ஸ்கேட்டில் ஒரு சுற்று. ஒவ்வொரு பாலத்திலும் அட்டையில் ஒரு முத்திரை. ஐந்தும் விழுந்தால் ஒரு சின்னத் தகரப் பதக்கம் தருவார்கள். கடையில் போட்டால் கால் காசு பெறாது, ஆனால் அந்த ஊரில் அது இல்லாத வீடு குறைவு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அட்டையில் நாலு முத்திரை விழுந்திருந்தது. நாலாவது பாலத்தில் நின்றபோது போன் அடித்தது. ஹூபர்ட். குப்பை போட வெளியே வந்தவன் பின்னால் கதவு சாத்திக்கொண்டது, சாவி உள்ளே, காலில் வீட்டுச் செருப்பு. "அரை மணி நேரந்தான் ரென்ஸ். கதவைத் திறந்துவிட்டுட்டுத் திரும்பிப் போயிடு" என்றான். அவள் ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு, யார் காரிலோ தொற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். திரும்பி வந்தபோது ஐந்தாவது பாலத்தில் மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மழை.

அந்த நாலு முத்திரை அட்டை அவர்கள் வீட்டுக் கழிப்பறைச் சுவரில், அந்த நாட்டில் எல்லோரும் அங்கே மாட்டும் பிறந்தநாள் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தினமும் அவன் கண்ணில் படட்டும் என்று அவள்தான் மாட்டினாள். தினமும் படத்தான் செய்தது. அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது, இப்போது ஐம்பத்தொன்று. அடுத்த ஐஸ் வரும்போது முட்டி இருக்குமோ இருக்காதோ.

பயணத்தின் ஏழாம் நாள், லின்ஸ் பக்கத்தில் ஒரு பண்ணை வாசலில் உட்கார்ந்திருந்தபோது, அக்கா ஹில்ட்யேயிடமிருந்து ஒரு படம் வந்தது. ஐஸில் ஓட்டை போட்டு அளவுகோலைச் செருகியிருந்தார்கள். ஆறு சென்டிமீட்டர். மறுநாள் ஒன்பது. வியாழக்கிழமை பன்னிரண்டு. அன்றைக்கே சங்கம் அறிவித்துவிட்டது: சனிக்கிழமை ஐந்து பால ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மழை என்று வானிலைக்காரர்களும் அறிவித்துவிட்டார்கள். ஒரே ஒரு நாள்.

அவள் காலைச் சாப்பாட்டு மேசையில் படத்தைக் காட்டினாள். ஹூபர்ட் நல்லவன்தான், அதுதான் சங்கடமே. உடனே இடது கையால் கணக்குப் போட்டான், வெள்ளி சாயங்காலம் வீட்டில் இருக்கலாம் என்றான். அவள் நம்பினாள். வெள்ளிக்கிழமை பவேரியாவில் ஒரு பண்ணைக்காரர் மெத்தையைத் தட்டிப் பார்த்தார், கொட்டிப் பார்த்தார், மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார், பிறகு சாராயம் ஊற்றினார். மூன்று மணி நேரம். அப்புறம் வழியெல்லாம் பனி கொட்டியது. மூன்ஸ்டர் பக்கத்தில் ஒரு ஓட்டலில் இறங்கும்போது அவளுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் விரியவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். ஒரு மணி நேரம் போனதும், சாலையைப் பார்த்துக்கொண்டே அவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"லேயர் பக்கத்துல ஹின்ரிக்னு ஒருத்தர். இருநூறு மாடு. மூணு வருஷமா அவரைப் பிடிக்க அலையுறேன், நேத்து தானா போன் பண்றார். ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கார். வழியிலதான் இருக்கு."

"பன்னெண்டுக்குப் பதிவை மூடிடுவாங்க, ஹூபர்ட்."

"தெரியும்மா. அரை மணி நேரந்தான்."

"யாரோட அரை மணி நேரம்? உன்னோடதா, கடிகாரத்தோடதா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் லேயருக்குப் போகும் பாதையில் காரைத் திருப்பினாள். ஏன் திருப்பினாள் என்று அப்புறம் பலதடவை யோசித்திருக்கிறாள். இருபத்துமூன்று வருஷமாகத் திருப்பித் திருப்பிக் கை பழகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

ஒன்பதுக்கு இறங்கினான். கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, இதோ வந்துவிடுவேன் என்று உள்ளங்கை அளவு மெத்தைத் துண்டோடு சமையலறைப் பக்கம் போனான். அவள் காரிலேயே இருந்தாள். வேலியோரத்து ஓடை வெள்ளையாக உறைந்து கிடந்தது. ரெண்டு சின்னப் பெண்கள் ஸ்கேட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்கள், ஒருத்தி காரைப் பார்த்துக் கையசைத்தாள். ஒன்பதரை ஆயிற்று. ஒன்பது ஐம்பதுக்கு அவள் இறங்கிப் போய்ச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள்.

பார்த்ததுமே காரியம் கெட்டது என்று புரிந்தது. மேசைமேல் தேநீர்க் கூஜா, சூடு ஆறாமல் இருக்க அதன் அடியில் சின்ன விளக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம், ஜெர்மனியில் இருக்கிற கிழக்கு ஃப்ரீஸ்லாந்து வீட்டுத் தேநீர். அங்கே கோப்பை காலியானால் வீட்டுக்காரி மறுபடி ஊற்றுவாள், கேட்கவே மாட்டாள். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும். போடாதவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பாள். ஹூபர்ட் கரண்டியைத் தட்டில் ஒழுங்காக, அழகாக வைத்திருந்தான். கோப்பையை முடிக்கிறான், அந்த அம்மாள் ஊற்றுகிறாள், மரியாதைக்கு அதையும் குடிக்கிறான். ரென்ஸ்கே கண்ணாடியைத் தட்டி, கரண்டியைப் போடு என்று சைகை காட்டினாள். அவன் தேநீர் கலக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கலக்கிவிட்டு, கரண்டியை மறுபடி தட்டில் வைத்தான். இடது கையை விரித்து ஐந்து நிமிடம் என்று காட்டினான்.

பத்தேகாலுக்கு ஹில்ட்யேயின் செய்தி வந்தது. எங்கே இருக்கிறாய், கூட்டம் அள்ளுகிறது, பன்னிரண்டுக்கு மேல் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கமாட்டார்களாம்.

அவளுக்கு அழுகை வந்தது. பெரிய துக்கம் எதற்கும் வராத அழுகை, கோபத்தில் வருகிற சின்ன, அசிங்கமான அழுகை. மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து எழுதினாள்: "நான் ஐஸுக்குப் போறேன். நீ டீ குடிச்சு முடி." அனுப்பினாள். காரைக் கிளப்பினாள். கோட்டு, ஆறு மெத்தை, விலைப்பட்டியல், ஆர்டர் படிவம் எல்லாம் அவளோடு வந்தன. கண்ணாடியில் பண்ணை சிறுத்துப் போனது, சமையலறைக் கதவு திறக்கவில்லை.

எல்லையைத் தாண்டும் முன்னாலேயே போன் அடிக்க ஆரம்பித்தது. ஏழு தரம் அடித்தது. அவள் எடுக்கவில்லை. பாவம் செய்த மாதிரி உறுத்தும் என்று எதிர்பார்த்தாள். உறுத்தவில்லை. அவன் இருப்பது வெதுவெதுப்பான சமையலறையில், கையில் சூடான தேநீர், இதைவிட என்ன வேண்டும் என்று மனசு கணக்காகப் பதில் சொன்னது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆல்டசைல் ஐஸ் சங்கத்துக் கொட்டகைக்கு முன்னால் காரை நிறுத்தி ஓடினாள். பதிவு மேசையில் யாரும் இல்லை. சங்கத்தின் ஐஸ் அதிகாரி சிப்கே வாசலில் நின்று யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். பதிவை அப்போதே மூடிவிட்டார்கள் என்றாள் ஹில்ட்யே. நாலாவது பாலத்துக்கு அடியில் ஐஸ் உடைந்துவிட்டது. அங்கே ஸ்கேட்டோடு கரையேறி, சாலையைக் கடந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். தார்ச்சாலையில் கால் வைத்தால் ஸ்கேட்டின் கூர் போய்விடும். வழக்கமாக விரிக்கும் பழைய கம்பளங்களை மற்ற இடங்களில் போட்டாகிவிட்டது. ஓடிக்கொண்டிருப்பவர்களை நாலாவது பாலத்தோடு நிறுத்தப் போகிறார்கள்.

"நாலோடயா?" என்று கேட்டாள் ரென்ஸ்கே. காதில் விழுந்தது நிஜந்தானா என்று இருந்தது.

சிப்கே போனை வைத்தார். "என்னை என்ன பண்ணச் சொல்ற? பன்னெண்டு மீட்டர் தாயி. பன்னெண்டு மீட்டருக்கு எதைக் கொண்டுபோய் விரிக்கிறது, என் பெண்டாட்டி திரைச்சீலையையா?"

பன்னிரண்டு மீட்டர். ஆறு மெத்தை, ரெண்டு ரெண்டு மீட்டர். ரென்ஸ்கே டிக்கியைத் திறந்தாள்.

சிப்கே எட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், இது என்னது என்றார். மாடு படுக்கிறது என்றாள். உன் புருஷன் சம்மதிப்பானா என்று கேட்டார். அவர் டீ குடிச்சிக்கிட்டிருக்கார் என்றாள். அவருக்கு அதற்குமேல் கேட்க நேரம் இல்லை. நாலாவது பாலத்துக்குக் காரை விட்டார்கள். பத்து நாளாக வேண்டா வெறுப்பாக ஏற்றி இறக்கிய அதே ஆறு மெத்தைகளை அவள் இப்போது ஓட்டமாக ஓடி இறக்கினாள், முதுகுவலி எங்கே போனதென்றே தெரியவில்லை. வரிசையாக விரித்து முடிப்பதற்குள் முதல் கூட்டம் வந்து ஏறிவிட்டது. ஹூபர்ட் விரல் ரேகைகூடப் படாமல் துடைத்து வைக்கும் மெத்தைகள். அவற்றின்மேல் இரும்புக் கத்திகள் தட்தட்டென்று நடந்து போயின. பார்க்க அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிப்கே அவளைத் திரும்பக் கூட்டி வந்து, மூடிய மேசையைத் திறந்து, கையால் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு நாற்பதுக்கு ஐஸில் கால் வைத்தாள்.

முதல் பாலம் வரைக்கும் கால் சொன்னபடி கேட்கவில்லை. ரெண்டாவதில் கேட்டது. மூன்றாவதில் எதிர்க்காற்று, கண்ணில் நீர் உறைந்தது, முட்டி முனகியது, ஆனாலும் இந்தப் பன்னிரண்டு வருஷமாக மூச்சை அடக்கிக்கொண்டு இருந்து இப்போதுதான் விட்டமாதிரி இருந்தது. முத்திரை போடுகிறவர்கள் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போன் சட்டைப்பைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் ஓய்ந்தது. ஏன் ஓய்ந்தது என்று அவள் யோசிக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு நாலாவது பாலம். முத்திரை வாங்கிக்கொண்டு கரையேறினாள். மெத்தையின் அந்தக் கோடியில் ஹூபர்ட் நின்றுகொண்டிருந்தான்.

யாரோ கொடுத்த நீலக் கொட்டகைச் சட்டையைப் போட்டிருந்தான். மாவுக்கட்டுக் கை உள்ளே நுழையாமல் ஒரு பக்கச் சட்டைக்கை காற்றில் ஆடியது. மூக்கு சிவந்து, உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் அறுபது வயசு மதிக்கத்தக்க நெட்டை மனிதர் ஒருவர், கழுத்தில் பழைய ஸ்கேட்டோடு, குனிந்து மெத்தையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஹின்ரிக் என்று சொல்லாமலே தெரிந்தது.

"நீதான் அந்தப் பொண்ணா?" என்றார் ஹின்ரிக். "ஊர்ல ஐஸ் ஓட்டத்தை வச்சுக்கிட்டு, பெண்டாட்டியைக் கார்ல உக்கார வச்சிட்டு, என் வீட்ல வந்து எட்டுக் கோப்பை டீ குடிக்கிறான் இவன். ஒரு வார்த்தை சொல்லல. நீ போனப்புறந்தான் சொல்றான். முதல்லயே சொல்லியிருந்தா அப்பவே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பேன். சரி, ஐஸ் பாத்தும் நாளாச்சுன்னு இவனையும் ஏத்திக்கிட்டு வந்தேன். மெத்தையெல்லாம் இந்தப் பாலத்துல கிடக்குன்னு சங்கத்துல சொன்னாங்க."

ஹூபர்ட்டுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவன் கண் மின்னியது. "ரென்ஸ், பாத்தியா? நானூறு பேர் இரும்போட நடந்திருக்காங்க, ஒரு கிழிசல் இல்ல! இவர் கண்ணால பாத்துட்டார். நீ கால் வச்சு நடந்தவ, எப்படி இருக்குன்னு நீயே அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அப்படியே கார் சாவியைக் கொடு, ஆர்டர் படிவம் அதுலதான இருக்கு. வா, சேந்தே போய் எடுத்துட்டு வந்துடலாம். அரை மணி நேரந்தான்."

அட்டையில் எத்தனை முத்திரை என்று கேட்கவில்லை. அவள் கையில் அட்டை இருந்ததையே அவன் பார்க்கவில்லை. அவளுடைய முதுகுவலியை விற்றான், இப்போது அவளுடைய ஐஸையும் விற்கப் போகிறான்.

ரென்ஸ்கே மெத்தையின்மேல் நின்றாள். பத்து நாள் சுமந்தும் இதன்மேல் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. காலுக்கு இதமாகத்தான் இருந்தது. மாடுகள் கொடுத்து வைத்தவை என்று நினைத்துக்கொண்டாள். மேல்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள், கார் சாவி உள்ளேதான் இருந்தது. அட்டையையும் அதனோடு போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள் ஹின்ரிக்கிடம். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "இன்னும் ஒரு பாலம் பாக்கி, ஹூபர்ட். வழியிலதான் இருக்கு. அரை மணி நேரந்தான்."

மெத்தை முடிகிற இடம் வரைக்கும் நிதானமாக நடந்து, ஐஸில் இறங்கினாள். பின்னால் ஹூபர்ட் அவள் பெயரைக் கூப்பிட்டான். அதற்கும் பின்னால் ஹின்ரிக்கின் சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தபோது அவர் கரையில் உட்கார்ந்து ஸ்கேட் நாடாவை முடிந்துகொண்டிருந்தார். மெத்தை வியாபாரமெல்லாம் ஐஸ் உருகினதுக்கப்புறம் என்று ஹூபர்ட்டிடம் சொல்லிவிட்டு அவரும் இறங்கிவிட்டார். நாலாவது பாலத்தில் ஹூபர்ட் மட்டும் நின்றான், வாடிக்கையாளர் இல்லாமல், சாவி இல்லாமல், கோட்டு இல்லாமல்.

ஐந்தாவது பாலத்தில் நாலே காலுக்கு முத்திரை விழுந்தது. மை உறைந்துபோய், மேசையில் இருந்த பெண் மூன்று தரம் வாயால் ஊதி, நாலாம் தரம் ஓங்கிக் குத்தினாள். ரென்ஸ்கே அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தெளிவாக விழுந்திருந்தது. தகரப் பதக்கத்தை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பட்டாணிச் சூப் விற்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் வாங்கிச் சூடாக, அவசரப்படாமல் குடித்தாள். போன் மறுபடி துடித்தது. இருட்டிக்கொண்டு வந்தது, காற்றில் நாளைய மழையின் ஈரம் தெரிந்தது. அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அவள் எழுந்துபோய் இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.